புயலில் வீடிழந்த குடும்பங்களுக்கும் குழந்தைகளுக்கும் வெளியூரிலிருந்து எப்படி உதவலாம்? பழைய துணிகளை அனுப்பலாமா?

நீங்களும் மதுரைப் பக்கம்தான் இருக்கிறீர்கள் என்றும், அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்றும் நினைத்துக்கொள்கிறேன். பழைய துணியை அனுப்ப வேண்டாம். அனுப்பியவன் என்பதால் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அடுத்த வாரம், எங்கள் தெருவில் சேர்ந்த துணி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மேலூர், காரைக்குடி, அறந்தாங்கி வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போனோம். பேராவூரணியைத் தாண்டியதும் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இறக்கிவிட்டுப் போன பழைய துணிகள் சாலையோரத்தில் நனைந்து குவிந்திருந்தன.

முகாமாக இருந்த பள்ளியில் ஒரு அம்மா, “துணி நிறைய வந்துடுச்சுங்கய்யா, கொசுவத்தியும் மெழுகுவத்தியும் இருந்தா குடுங்க” என்று தயங்கியபடி கேட்டார். புயலில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்த நிலையில், மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீரும் ஏறவில்லை. அவர் கேட்ட இரண்டும் எங்களிடம் இல்லை.

அதே பள்ளியின் வராந்தாவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, நனைந்துபோன அறிவியல் நோட்டைத் தாள் தாளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஓட்டுச் சில்லு வைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். மை கரைந்து எழுத்தெல்லாம் நீலமாகப் பரவியிருக்க, பென்சிலால் வரைந்த படங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. எங்கள் கூடவே வந்த ஒரு குழுவினர் அவளை எழுப்பி, பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, பேனருக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். நான் தடுத்திருக்க வேண்டும். கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் குழந்தையின் முகத்தைப் படம் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை.

மதுரைக்குத் திரும்பியதும் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் தொலைபேசியில் கேட்டு, 43 பிள்ளைகளின் அளவுகளை எழுதிக்கொண்டேன். அப்போது புதுமண்டபத்தில் தையல் கடைகள் இருந்தன. சீருடைத் துணி வாங்கிக் கொடுத்தோம். ஒரு தையல்காரர் உள்பாவாடைகளுக்குக் கூலியே வாங்கவில்லை. டிசம்பர் கடைசியில் நோட்டுகளோடு அவற்றையும் கொண்டுபோனபோது, அந்த வழியில் வேறு நிவாரண வண்டி ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை.

இதெல்லாம் அரசின் வேலை, நீங்கள் ஏன் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்ட மின்வாரிய ஊழியர்களை நேரில் பார்த்தவன் நான். அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த அளவில் சட்டை வேண்டும் என்பது அந்தப் பள்ளி ஆசிரியருக்குத்தான் தெரியும். முதலில் அவரிடம் பேசுங்கள். பணத்தில் பாதியை இரண்டாவது மாதத்துக்கு எடுத்துவையுங்கள். இப்போதே அனுப்பியாக வேண்டும் என்றால் தார்ப்பாய், கொசுவர்த்தி, டார்ச், சானிட்டரி நாப்கின், புது நைட்டி, புது உள்ளாடை ஆகியவற்றை அனுப்புங்கள். பிரதான சாலையில் இறக்கிவிடாமல், உள்ளே இருக்கும் கடைசித் தெருவரை வண்டியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.