நகையை அடகு வைக்காதீர்கள், பையனை அப்ரண்டிஸ் ஆக்குங்கள்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. பிளஸ் டூ முடித்த மகனைக் கம்ப்யூட்டர் சயின்ஸில்தான் சேர்க்க வேண்டும் என்று அவன் சித்தப்பா நிற்கிறார். மேனேஜ்மென்ட் சீட்டுக்காக நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்கக் கூடாது. சாயங்காலமானால் மோட்டார் காயில் கட்டும் கடையிலேயே கிடக்கிறான் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அவன் எதில் கை வைக்க விரும்புகிறான் என்பதை அவனே சொல்லிவிட்டான்.

மற்ற படிப்புகளைப் பற்றிச் சொல்ல உறவினர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது, அரசு ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) இரண்டு வருட எலெக்ட்ரீசியன் டிரேடு, அப்புறம் அப்ரண்டிஸ், அதாவது ஒரு நிறுவனத்தில் உதவித்தொகை வாங்கிக்கொண்டே தொழில் பழகுவது.

அப்ரண்டிஸ் என்றால் எடுபிடி என்பார் சித்தப்பா. அப்படியும் ஒரு காலம் இருந்தது. இங்கிலாந்தில் 1563-இல் வந்த சட்டம், ஏழு வருடம் பழகினால்தான் தொழில் செய்யலாம் என்றது. நல்ல தொழிலாக இருந்தால், பையனைச் சேர்த்துக்கொள்ளவே பெற்றோர் முதலாளிக்குப் பணம் கட்டினார்கள். 1814-இல்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. நம் நாட்டில் 1961-இல் வந்த தொழில் பழகுநர் சட்டத்தில் பணம் கொடுக்க வேண்டியவர் முதலாளி. ஒப்பந்தம் பதிவாக வேண்டும், மாதாமாதம் ஸ்டைபண்ட் வர வேண்டும். 2019-இல் திருத்திய விதிகள் ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தது 7,000 ரூபாய் என்றன. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுப்பதையும் கட்டாயமாக்கின. 1973-லேயே பி.இ., டிப்ளமோ படித்தவர்களையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதைச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். பட்டம் வாங்கியவர்களும் ஷாப் ஃப்ளோரில் நின்று பழகினார்கள்.

செலவுக்கு வருவோம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னும் 1,000 கிடைக்கும். பிறகு படிக்க ஆசை வந்தால் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), திருச்சி பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) போன்ற இடங்களில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். ரயில்வேயில் பழகி முடித்தவர்களுக்கு அங்கே லெவல் 1 எனப்படும் அடிப்படை நிலைப் பணிகளில் 20 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது.

பழகிய இடத்திலேயே வேலை கிடைக்கும் என்று சட்டம் உறுதி தரவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் தேர்வெழுதிப் பெறும் தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும், தலையில் கடனும் இருக்காது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் போடாமல் 'டிரெய்னி' என்று சொல்லி வேலை வாங்கும் கம்பெனிகள் நிறைய. அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் அவன் பெயரில் ஒப்பந்தம் பதிவானதைப் பார்த்த பிறகே வேலைக்கு அனுப்புங்கள்.