கடைசிச் சுற்றில் கோட்டை விடுகிறீர்களா? ‘கார்ஸ் 3: டிரிவன் டு வின்’ ஆட்டத்தின் டர்போ கணக்கு

கேள்வி: எட்டு வயது மகளும் நானும் பிஎஸ்4-இல் (பிளேஸ்டேஷன் 4) ‘கார்ஸ் 3: டிரிவன் டு வின்’ என்ற கார் பந்தய ஆட்டத்தை ஆடுகிறோம். ஈஸி என்ற எளிய நிலையில் ஜெயித்துவிடுகிறோம். மீடியத்துக்குப் போனால், முதல் இரண்டு சுற்றும் முன்னால் இருந்துவிட்டுக் கடைசிச் சுற்றில் தோற்கிறோம். இரண்டு மூன்று கார்கள் சர்ரென்று தாண்டிப் போகின்றன. கூடுதல் வேகம் தரும் டர்போ எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் மீட்டர் நிரம்புவதே இல்லை. பெரிய டிவியில் திரையைப் பிரித்து ஆடும்போது கார் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவதுபோலவும் இருக்கிறது. காரை மாற்றினால் சரியாகுமா?

பதில்: காரை மாற்ற வேண்டாம். எந்தக் காரை எடுத்தாலும் மீட்டரை நிரப்பும் வித்தைகள் அதேதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இருவரும் இதைச் சாதாரணக் கார் பந்தயமாக ஓட்டுகிறீர்கள்: வளைவில் ஒழுங்காகத் திரும்புவது, நேர்ச்சாலையில் ஆக்ஸிலரேட்டரை அமுக்கிக்கொண்டு சும்மா போவது. ஈஸியில் அது போதும். மீடியத்தில் அந்தச் சும்மா போகும் நேரம்தான் உங்களைத் தோற்கடிக்கிறது.

இந்த ஆட்டத்தை உருவாக்கிய அவலாஞ்ச் சாஃப்ட்வேர்தான் 2011-இல் வந்த ‘கார்ஸ் 2’ ஆட்டத்தையும் செய்தது. ஓட்டும் முறையின் அடிப்படை அங்கிருந்தே வருகிறது. கார் டிரிஃப்ட் அடிக்கும் (வளைவில் சறுக்கியபடி திரும்பும்), இரண்டு சக்கரத்தில் சாய்ந்து ஓடும், பின்னோக்கி ஓடும், மேடையிலிருந்து பறக்கும்போது குட்டிக்கரணம் போடும். பார்வைக்கு அலங்காரம் மாதிரித் தெரிந்தாலும் டர்போ சேர்வது இவற்றால்தான். எதுவும் செய்யாமல் நேராக ஓடும் ஒவ்வொரு விநாடியும் மீட்டருக்கு வரவேண்டிய வரவைத் தள்ளிவிடுகிறது.

டிரிஃப்ட்டிலிருந்து தொடங்குங்கள். குழந்தைகள் பெரும்பாலும் டிரிஃப்ட் பட்டனை முதலில் அமுக்கிவிட்டு அப்புறம் திருப்புவார்கள். அப்படிச் செய்தால் வேகம் குறைகிறது, கார் சறுக்குவதில்லை. வரிசை இப்படி இருக்கட்டும்: வளைவு தொடங்குமுன்பே இடது ஸ்டிக்கை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், கார் திரும்பத் தொடங்கியதும் பட்டனை அமுக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை ஒருபோதும் விடக்கூடாது. மூக்கு வளைவின் உட்சுவரை நோக்கி அதிகம் போனால் பட்டனை விடாமல் ஸ்டிக்கை மட்டும் எதிர்ப்பக்கம் லேசாகத் தள்ளுங்கள். சறுக்கல் அகலும், நீளும், மீட்டரும் கூடுதலாக ஏறும். சாலை நேரானதும் பட்டனை விட்டுவிடுங்கள். அதன் பிறகும் பிடித்திருந்தால் கார் குறுக்கே நின்று, சேர்த்ததைவிட அதிகமாக இழப்பீர்கள்.

ஆனால் வளைவுகள் மட்டும் மீட்டரை நிரப்பப் போதாது. மீடியத்தில் வித்தியாசம் உண்டாவது நேர்ச்சாலையில். முதலில் இரண்டு சக்கர ஓட்டத்தைப் பழக்குங்கள், அதுதான் எளிது. சாய்ந்து ஓடும்போது இரு பக்கமும் ஒரே மாதிரி திரும்ப முடியாது. எனவே அடுத்த வளைவுக்கு ஒரு விநாடி முன்பே நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். சாய்ந்தபடியே வளைவுக்குள் நுழைவதுதான் புதியவர்கள் சுவரில் மோதுவதற்கு முதல் காரணம். பின்னோக்கி ஓட்டுவதை அகலமான, நீண்ட பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இடம் வலம் குழம்பும். மகளுக்கு அது பிடிபடும்வரை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

பறக்கும்போது செய்யும் வித்தைகளுக்கு ஒரே விதி: தரை தொடுமுன் வித்தை முடிந்திருக்க வேண்டும். பாதிச் சுழற்சியில் இறங்கினால் வேகம் போய்விடும். சிறிய மேடென்றால் ஒன்று போதும். உயரமான மேடையில் ஒன்று முடிந்த பிறகு இன்னொன்றுக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துத் தொடங்குங்கள்.

இனி செலவுக் கணக்கு. மீட்டர் கொஞ்சம் ஏறியதும் டர்போவைத் தட்டித் தட்டித் தீர்ப்பது வீண். வளைவுக்கு முன் அடிப்பது அதைவிட மோசம், கூடிய வேகம் அப்படியே சுவரில் போய்ச் சேரும். டிரிஃப்ட் முடிந்து கார் நேராகும் அந்த நொடியில் அடியுங்கள். முன்னால் உள்ள நேர்ச்சாலை முழுவதும் அதன் பலன் கிடைக்கும். டர்போ ஓடும்போதே இரண்டு சக்கரத்தில் சாய்ந்தால் செலவின் ஒரு பகுதி திரும்ப வந்துவிடும். இந்தச் சங்கிலிதான் நன்றாக ஆடுபவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வேறுபாடு.

மீட்டர் முழுவதும் நிரம்பினால் ‘இன் தி ஸோன்’ என்ற நிலை கிடைக்கும். சாதாரண டர்போவைவிட அது மிக வேகமானது. கடைசிச் சுற்றில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான். இவ்வகைக் குடும்ப ஆட்டங்களில், முன்னால் போகிறவரை மற்ற கார்கள் துரத்திப் பிடிக்கும்படியே வேகம் அமைக்கப்படுகிறது. அதனால் முதல் சுற்றில் சேர்க்கும் பெரிய இடைவெளி மெல்ல மெல்லக் கரைந்துவிடும். முதல் இரண்டு சுற்றில் இரண்டாம், மூன்றாம் இடத்தில் இருந்தாலும் பதறாதீர்கள். கடைசிச் சுற்றின் பாதியில் மீட்டரை முழுதாக வைத்திருங்கள். முடிவுக்கோட்டுக்கு முன் வரும் கடைசி நீண்ட நேர்ச்சாலையில் அதைத் திறந்துவிடுங்கள். அதற்காக முதல் சுற்றிலிருந்தே நிரம்பிய மீட்டரைப் பூட்டி வைக்கவும் கூடாது. நிரம்பிய பிறகு செய்யும் வித்தைகளால் வரவு எதுவும் இல்லை.

அடுத்து டிவி. அந்தத் தாமதம் உங்கள் கற்பனை இல்லை. படத்தை மெருகேற்றும் வேலைகளுக்காகப் பல டிவிகள் காட்சியைச் சற்றுப் பிடித்து வைக்கும். அந்த மெருகேற்றலைக் குறைத்துக் காட்சியை விரைவாகக் காட்டும் ‘கேம் மோட்’ இல்லாதபோது அது 100 மில்லிவிநாடியைத் தாண்டுவதும் உண்டு. பிஎஸ்4 டிவியைத் தானாகக் கேம் மோடுக்கு மாற்றாது. எனவே டிவியின் படம் பற்றிய செட்டிங்ஸில், பிஎஸ்4 இணைந்திருக்கும் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு நீங்களே கேம் மோடைத் தேர்ந்தெடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி தனியாக இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி பிந்துவது வேறு விஷயம், ஸ்டீயரிங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதெல்லாம் செய்தும் ஒருவர் ஆடும்போது சரியாகவும் இருவர் ஆடும்போது மட்டும் கடினமாகவும் இருந்தால், காரணம் பிளந்த திரைதான். ஆளுக்குக் கிடைக்கும் காட்சி சிறுத்து, வளைவு தாமதமாகக் கண்ணில் படும். தன் காரையே பார்க்காமல் சாலையின் தொலைவைப் பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

அவள் பயன்படுத்தும் இரண்டாவது கன்ட்ரோலருக்கு பிஎஸ்4-இல் தனிப் பயனர் கணக்கு உருவாக்கிவிடுங்கள். விருந்தினராக நுழைந்தால் வெளியேறும்போது அந்தக் கணக்கின் தகவல் அழிந்துவிடும்.

பயிற்சிக்குப் பந்தயம் தேவையில்லை. தாமஸ்வில் ப்ளேகிரவுண்ட் என்ற பரந்த வெளியில் யாரும் துரத்தாமல் வித்தைகளைப் பழகலாம். அங்கே முதலில் டிரிஃப்ட், அது கை வந்ததும் இரண்டு சக்கரம் என்று ஒவ்வொன்றாகப் போங்கள். பிறகு ‘பெஸ்ட் லேப் சேலஞ்ச்’. தூரத்துப் போட்டியாளர்களைப் பற்றி யோசிக்காமல் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்த வளைவில் நேரம் போகிறது என்று கண்டுபிடிக்க அது நல்ல இடம். இந்த ஆட்டத்தில் முன்னேற்றம் முதலிடத்தை மட்டும் நம்பியில்லை. டிரிஃப்ட், வித்தை, டர்போ என்று தனித்தனியாக வரும் ‘ஸ்கில் செக்’ இலக்குகளை முடித்தாலும் புதிய போட்டிகள் திறக்கும். எட்டு வயதுக் குழந்தைக்கு இது பெரிய ஊக்கம். பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தாலும் ஓர் இலக்கு முடிந்திருக்கும்.

ஆயுதங்களோடு நடக்கும் ‘பேட்டில் ரேஸ்’ வகையில் மட்டும் ஒரு மாற்றம்: கிடைத்த ஆயுதத்தை உடனே வீசாமல், இலக்கு நேராக முன்னால் வரும்வரை வைத்திருங்கள்.

இதே ஆட்டத்தை கணினியிலும் ஆட நினைத்தால் தேட வேண்டாம், அதற்குக் கணினிப் பதிப்பு வரவில்லை. ‘கார்ஸ் 2’ ஆட்டத்துக்குக் கணினிப் பதிப்பு உண்டு, நான்கு பேர்வரை திரையைப் பிரித்து ஆடலாம். இங்கே பழகிய டிரிஃப்ட்டும் இரண்டு சக்கர ஓட்டமும் அங்கேயும் கைகொடுக்கும்.