கீமோ நடக்கும்போது பாலையும் முட்டையையும் நிறுத்த வேண்டுமா?

கேள்வியின் சுருக்கம்: அம்மாவுக்கு 54 வயது, வீடு கோத்தகிரிப் பக்கம். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோவையில் ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ட்ரிப்பாக நரம்பில் ஏற்றுகிறார்கள், கூடவே 14 நாள் கேப்சைட்டபின் என்ற கீமோ மாத்திரை. மூன்று மாதத்தில் எடை 58 கிலோவிலிருந்து 53 ஆகிவிட்டது. பால், சர்க்கரை, முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காய்ச்சாறும் கிரீன் டீயும் மட்டும் கொடுக்கும்படி சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கேட்கலாமா?

வேண்டாம். இன்றைய தேதியில் அம்மாவின் உணவில் நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டியது அந்த 5 கிலோவைப் பற்றித்தான். 58-ல் 5 என்றால் எட்டரை சதவீதம். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் தானாக எடை குறைந்தாலே மருத்துவர்கள் அதை உடல் உருகுதலின் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். குறைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். தசை குறைந்த உடம்பு அதே அளவு மருந்தைத் தாங்காது. ட்ரிப் தள்ளிப்போகும், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும். எந்த உணவு புற்றைக் கொல்லும் என்று தேடுவதை விட்டுவிட்டு, சிகிச்சை முழுதாக முடியும்வரை எடையைப் பிடித்து வைப்பது எப்படி என்று பாருங்கள்.

சர்க்கரை புற்றுக்குத் தீனி என்ற பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் அது நிலைத்து நிற்கிறது. புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுப்பது நிஜம். உடம்பில் புற்று எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே அதை வைத்துத்தான். ஆனால் வாயில் போடுவதை நிறுத்தினால் ரத்தத்தில் குளுக்கோஸ் இல்லாமல் போய்விடாது. தசைப் புரதத்தை உடைத்துக் கல்லீரல் அதைத் தயாரித்துக்கொள்ளும். ஆக, பட்டினி போட்டால் கரைவது அம்மாவின் தொடையும் தோளும்தான். நீரிழிவு இருந்தால் கணக்கு வேறு, அதை மருத்துவரிடம் பேசுங்கள். இல்லையென்றால் கஞ்சியில் வெல்லம் போடப் பயப்படாதீர்கள்.

தேவை எவ்வளவு? ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம். 53 கிலோவுக்கு ஏறக்குறைய 1,350 முதல் 1,600 கலோரி, 55 முதல் 80 கிராம் புரதம். புரதத்தைக் கறி இல்லாமலே எட்டலாம்: முட்டை 2 (12 கிராம்), பால் அரை லிட்டர் (16), பருப்போ அவரைக்கொட்டையோ வேகாத எடையில் 60 கிராம் (14), தயிர் 200 கிராம் (7), வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் (7), அரிசியும் கேழ்வரகும் சேர்ந்து 200 கிராம் (14). மொத்தம் 70. இந்தக் கணக்கிலிருந்து பாலையும் முட்டையையும் எடுத்தால் 28 கிராம் போய்விடும். அதைக் காய்ச்சாறு ஈடுகட்டாது. ஒரு டம்ளர் கேரட் சாற்றில் 2 கிராம் புரதம் தேறுவதே கஷ்டம், வயிறு மட்டும் நிறைந்துவிடும்.

ட்ரிப் முடிந்த முதல் வாரம் இந்த அளவு இறங்காது. அப்போது அளவைக் கூட்டப் பார்க்காமல், சாப்பிடும் கொஞ்சத்திலேயே சத்தை ஏற்றுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை அரை டம்ளரோ அரைக் கிண்ணமோ போதும். பாலில் 2 மேசைக்கரண்டி பால்பவுடர் கலந்தால் 75 கலோரியும் 4 கிராம் புரதமும் கூடும். சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் 45 கலோரி. குன்னூர், கோத்தகிரிச் சந்தையில் கிடைக்கும் பட்டர் ஃப்ரூட்டின் சதை 100 கிராமில் 160 கலோரி இருக்கிறது. பாலில் மசித்து வெல்லம் போட்டால் மெல்லாமலே இறங்கும்.

இதில் கேழ்வரகுக் கஞ்சிக்குத் தனி இடம் உண்டு. நீலகிரி ரேஷன் கடைகளில் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்பதால் பொருளுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் என்னவென்றால், ஒரு டம்ளருக்கு 20 கிராம் மாவு போட்டாலே கஞ்சி கெட்டியாகி, நான்கு வாயில் திகட்டிவிடும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் சத்தும் இளகிவிடும். இதற்கு முளைகட்டிய மாவுதான் வழி. முளைக்கும் தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டாகிறது. 200 மில்லி பாலில் 40 கிராம் சாதாரண மாவைக் கரைத்துக் காய்ச்சி இறக்குங்கள். கொதி அடங்கி, விரல் வைத்தால் சுடும் பதத்துக்கு வந்ததும் முளைகட்டிய மாவு ஒரு தேக்கரண்டி போட்டுச் சில நிமிடம் கிளறினால், களிபோல் இருந்தது கண்முன்னே நீர்த்துவிடும். பிறகு மறுபடி கொதிக்கவிட்டு இறக்கி, வெல்லம் 2 தேக்கரண்டி, நெய் ஒன்று. ஒரு டம்ளரில் சுமார் 340 கலோரி, 9 கிராம் புரதம். கொதிக்கும்போதே முளைமாவைப் போட்டால் நொதி செத்துவிடும், கஞ்சி இளகாது. இரண்டாவது கொதியை விட்டுவிட்டால் முளையில் வளர்ந்த கிருமி வயிற்றுக்குப் போகும். இரண்டும் அடிக்கடி நடக்கும் தவறுகள்.

முளைகட்டுவதற்கும் நம் குளிரில் கூடுதல் கவனம் வேண்டும். கழுவி 12 மணி நேரம் ஊறவைத்துத் துணியில் கட்டினால் சமவெளியில் ஒன்றரை நாளில் முளை வந்துவிடும். மார்கழியில் இங்கே மூன்று நாள்கூட ஆகும். அதற்குள் புளித்துவிடும், பூஞ்சணமும் பிடிக்கும். மூட்டையை அடுப்படிச் சூட்டில் வைத்து, காலை மாலை ஆறிய வெந்நீரில் அலசுங்கள். மூடுபனி நாளில் வெயிலை நம்பாமல் அடுப்புக்கு மேல் பரணில் காயவையுங்கள். வாணலியில் கருக வறுக்காதீர்கள், வறுத்தால் நொதி போய்விடும். மக்கிய வாடையோ பச்சை, கருப்புப் புள்ளியோ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். வேர்க்கடலைக்கும் இதுதான் விதி. பூஞ்சண நஞ்சு சமைத்தாலும் போகாது.

அடுத்தது ஆக்சாலிபிளாட்டின். மலையில் இருப்பவர்களுக்கு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்த மருந்து நரம்பைக் குளிருக்குக் கூச வைக்கும். ட்ரிப்புக்குப் பிறகு நான்கைந்து நாள், சில சமயம் ஒரு வாரம், குளிர்ந்த தண்ணீர் குடித்தாலோ குளிர்காற்று பட்டாலோ தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் இருக்கும், விரல் முள்ளாய்க் குத்தும். கோவை வெயிலில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டிக் குளிர் அடிக்கத் தொடங்கியதும் வரும். அதனால் கீழேயே மஃப்ளரால் மூக்கையும் வாயையும் மூடி, கையுறை போட்டு, வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான நீர் இருக்கட்டும். வீட்டில் டிசம்பர் காலையில் எவர்சில்வர் டம்ளரைத் தொடுவதே போதும், விரல் மரத்துவிடும். பீங்கான் கப்பில் கொடுங்கள். குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவ விடாதீர்கள். குளிரால் வரும் இந்த இறுக்கம் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகக் குடித்தால் தளரும். தடிப்பு, முகவீக்கம், நிஜமான மூச்சுத்திணறல் இருந்தால் அது ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குளிரில் தாகம் தெரியாது என்பதையும் மறக்காதீர்கள். வேறு தடை இல்லையென்றால் கஞ்சி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து நாளுக்கு 2 லிட்டர் நீர் உள்ளே போக வேண்டும். பால் டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். டீ உணவிலுள்ள இரும்புச்சத்தைத் தடுக்கும், பசியையும் அமர்த்திவிடும்.

குமட்டலை மருந்தைவிட முந்திக் கிளப்பிவிடுவது வாசனை. குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி வைத்த வீட்டில் தாளிப்பு வாடை நேராகப் படுக்கைக்கு வரும். சமைக்கும் அரைமணி நேரமாவது அடுப்படி ஜன்னலைத் திறந்து, அம்மாவின் அறைக் கதவைச் சாத்துங்கள். ஆவி பறக்கும் சோற்றிலும் வாடை அதிகம். வெதுவெதுப்பாக ஆறவிட்டுக் கொடுங்கள். குமட்டலைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுக்கலாம். அது மலச்சிக்கல் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள். பயணத்தன்று வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. இரண்டு இட்லி போதும்.

கேப்சைட்டபினைச் சாப்பாடு முடிந்த அரைமணிக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும், காலையும் இரவும். இரவில் சாப்பாடு இறங்காவிட்டால் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஃபோலிக் ஆசிட் உள்ள சத்து மாத்திரையைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. அது இந்த மருந்தின் பக்கவிளைவுகளைக் கூட்டிவிடும். சமைத்த கீரையில் இருப்பதைப் பற்றிப் பயம் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் கீரை, முட்டைக்கோஸ், அவரைத் தோல், பச்சைக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உப்புக்கஞ்சி, தயிர்சாதம், வாழைப்பழம், வெந்த உருளைக்கிழங்கு, கேரட் என்று மாறுங்கள். ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்டை முழு ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி கரைத்து நாளுக்கு நான்கைந்து தடவை கொப்பளிக்கலாம்.

கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு கீமோவால் குறையும் நாட்களில் பச்சைக் காய்ச்சாறு ஆபத்து. கேரட்டை மண்ணோடு பிடுங்குகிற ஊர் இது. கழுவி, தோல் சீவி, வேகவைத்துக் கொடுங்கள். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் கீழே. கிருமி சாக அது போதும், ஆனால் குடிநீரைத் தளதளவென்று 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பருப்பையும் கறியையும் குக்கரில் வையுங்கள். முட்டையைச் சமவெளிக் கணக்கைவிட 2, 3 நிமிடம் கூடுதலாக வேகவைத்து, மஞ்சள் கரு இறுகிய பிறகே கொடுங்கள். காய்ச்சாத பாலும் நேற்றைய சோறும் வேண்டாம்.

கிரீன் டீ ஒரு கப் குடிப்பதில் தப்பில்லை, அது புற்றுக்கு மருந்துமல்ல. சத்தாக வடித்து விற்கும் கிரீன் டீ மாத்திரை, மஞ்சள் மாத்திரை இரண்டும் கூடாது. முள்சீத்தா இலைக் கஷாயம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அதில் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது. ஏற்கெனவே நரம்பைத் தொடும் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் உடம்பில் அதைச் சேர்க்காதீர்கள்.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சாப்பிடும் முன் பார்த்து எழுதுங்கள். இரண்டு வாரத்தில் இன்னும் ஒரு கிலோ இறங்கினால் அடுத்த ட்ரிப்வரை காத்திராமல் டயட்டீஷியனிடம் பேசுங்கள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தால் வீட்டிலேயே திடீரென்று நிறையக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம், ரத்தப் பரிசோதனையோடு மெல்லத்தான் ஏற்ற வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாக வயிற்றால் போனாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். வயிற்றுப்போக்கு அந்த அளவுக்கு வந்தால் அடுத்த வேளை கேப்சைட்டபினைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பகலில் தெரிந்த அறிகுறியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள், பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் இரவில் யானை நடமாட்டம் இருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். இரவில்தான் காய்ச்சல் வந்ததென்றால் விடியும்வரை காத்திராமல் கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோய், கீமோ நடக்கிறது என்பதையும் கடைசி ட்ரிப் தேதியையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.