அலுவலகச் செலவில் எட்டுப் பேர் நுவரெலியாவில் சாப்பிட்டால் டிப்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

ஹட்டனிலிருந்து குழுவாகப் போகிறீர்கள், பில்லைக் கட்டிவிட்டு அலுவலகத்தில் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்கிறீர்கள். சரி, முதலில் பில்லின் அடிப்பகுதியைப் பாருங்கள். நுவரெலியா, கண்டிப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்களில் பெரும்பாலும் 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்தே வரும். அதற்கு மேல் வற் வரி. 2024 ஜனவரி முதல் அது 18 சதவீதம். சாப்பாடு 20,000 ரூபாய் என்றால் சேவைக் கட்டணம் 2,000, இரண்டுக்கும் சேர்த்து வற் 3,960. ஆக 25,960 ரூபாய். மெனுவில் உள்ள விலையை மட்டும் பார்த்து அனுமதி கேட்டால் இந்த 5,960 ரூபாயை உங்கள் கையிலிருந்துதான் போட வேண்டி வரும். விலையில் வரி அடக்கமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சேவைக் கட்டணம் எடுத்திருந்தால் அலுவலகப் பணத்தில் மறுபடி 10 சதவீதம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நன்றாகக் கவனித்த பையனுக்கு எல்லோரும் கைக்காசில் ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்.

சேவைக் கட்டணம் இல்லாத சின்னக் கடையில் 10 சதவீதம் தாராளமாகக் கொடுக்கலாம். டிப்ஸுக்குப் பற்றுச்சீட்டு கிடைக்காது. தொகையை பில்லின் பின்னால் எழுதி, கூட வந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதை ஏற்பார்களா என்று கணக்குப் பிரிவில் போகுமுன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மதுபானம் தனி பில். வேன் சாரதியின் சாப்பாடு கட்டாயம் குழுவின் பில்லில்தான். அவரை வெளியே காத்திருக்க விடாதீர்கள்.