ஃபிலிம் நுவார் புகைப்படப் போட்டிக்குக் கோயமுத்தூரில் இருந்துகொண்டு என்ன எடுத்து அனுப்புவது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இதுதான்: இணையத்தில் ஒரு புகைப்படப் போட்டி, தலைப்பு ஃபிலிம் நுவார், அதாவது இருட்டும் நிழலுமாக வந்த பழைய ஹாலிவுட் குற்றப் படங்களின் பாணி. கையில் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆரும் அதோடு வந்த 18-55 லென்ஸும். வெளிநாட்டுக்காரர்கள் தொப்பியும் நீளக் கோட்டும் மாட்டி எடுத்து அனுப்பும்போது நாம் எதை அனுப்புவது, அந்தக் கோட்டை இங்கே எங்காவது வாடகைக்கு எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

கோட்டு வேண்டாங்க. இந்தத் தலைப்பில் நடக்கும் போட்டிகளுக்கு நானும் படம் அனுப்பியிருக்கிறேன், வந்து குவியும் படங்களையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தொப்பி, கோட்டு, சிகரெட், புகை என்று ஒரே படத்தையே நூறு பேர் எடுத்த மாதிரி இருக்கும். நீங்களும் அதையே எடுத்தால் அந்தக் கும்பலில் ஒருவர், அவ்வளவுதான்.

அந்த உடை அங்கே ஏன் வந்தது என்று யோசித்தாலே போதும். 1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் வந்த கருப்பு வெள்ளைக் குற்றக் கதைப் படங்கள்தான் ஃபிலிம் நுவார். 1946இல் நினோ ஃபிராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் அந்த வகைக்கு இந்தப் பெயரை வைத்தார். பில்லி வைல்டர், ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் என்று அதில் பெயர் வாங்கிய இயக்குநர்கள் பலர் ஜெர்மன் சினிமாவில் வேலை பார்த்துவிட்டு நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர்கள். அறை முழுக்க வெளிச்சம் கொட்டாமல் ஒரு மூலையில் மட்டும் விளக்கை வைத்து, மீதியை நிழலுக்கு விட்டுவிடும் பழக்கம் அங்கிருந்து வந்தது. கதையில் வருகிறவர்கள் யாரென்றால் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், கடனில் மாட்டியவன், ஆசைப்பட்டு ஒரு தப்பில் கால் வைத்துவிட்டு வெளியே வர முடியாதவன். அந்த ஊர் ஆட்கள் அன்றைக்குத் தெருவில் போட்டுக்கொண்டு போனது தொப்பியும் கோட்டும், அதனால் படத்திலும் அதுவே வந்தது.

நம்ம ஊரில் கடனில் மாட்டியவர் என்ன போட்டிருப்பார்? வேட்டி, தோளில் துண்டு, மார்கழிப் பனிக்கு மங்கி குல்லா. கொங்கு நாட்டில் கதைக்கா பஞ்சம்? ஃபைனான்ஸ், சீட்டு, மஞ்சள் மண்டி, போர் போடும் ரிக் வண்டி, லாரி என்று பணம் புரளும் மண் இது. 2012இல் ஈமு கோழிப் பண்ணை முதலீட்டு மோசடி வெடித்தபோது பெருந்துறைப் பக்கம் பணம் போட்டுவிட்டு வெறும் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். ஹாலிவுட்காரன் எழுதிய எந்தக் கதைக்கும் அது குறைந்ததில்லை. நீங்கள் எடுக்கப்போகும் படத்தில் அந்த மாதிரி ஒரு ஆள், ஒரு சிக்கல் தெரிய வேண்டும். அது இல்லாமல் கலர் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்டை ஏற்றுவதால் ஒன்றும் ஆகாது.

இனி வெளிச்சம். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

சோமனூர் பக்கம் நண்பன் வீட்டுத் தறிக்குடோனில், அதாவது விசைத்தறி ஓடும் கொட்டகையில், நான் எடுத்த ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன், அது போட்டியில் கடைசிச் சுற்று வரைக்கும் போன படம். ராத்திரி ஷிப்டு. தறிக்குடோனில் படம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தறி ஓடும்போது தரையே அதிரும், டிரைபாடில் நிறுத்தினாலும் படம் ஆடிவிடும். டீக்கு நிறுத்தும் நேரம்தான் நமக்கு. தறி நின்றதும் இருந்த டியூப்லைட்டையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, பின்னால் இருந்த தறிக்கு மேலே தொங்கிய ஒரே ஒரு குண்டு பல்பை மட்டும் விட்டோம். தறி ஓட்டும் அண்ணன் ஒருவரை அந்த பல்புக்கு முன்னால், கொஞ்சம் பக்கவாட்டில் நிற்க வைத்தேன். அவர் கையில் நெய்த துணியின் மீட்டர் கணக்கும் வாங்கிய முன்பணக் கணக்கும் எழுதும் சின்ன நோட்டு, முனையெல்லாம் எண்ணெய் ஏறிக் கறுத்துப்போனது. அவருக்கு மனசே ஒப்பவில்லை.

"ஏனுங்க தம்பி, இருட்டுக்குள்ள நிக்க வெச்சா மூஞ்சி எப்படித் தெரியும்? அந்த டியூப்லைட்டப் போட்டுடட்டுங்களா?"

"வேண்டாங்கண்ணா, பாதி மூஞ்சி தெரிஞ்சாப் போதுங்க. நோட்டப் பார்க்க வேண்டாம், வாசலப் பாருங்க."

அவர் வாசலைப் பார்த்ததும் படம் வந்துவிட்டது. யார் வருகிறார்கள் என்று பார்க்கிறார், நோட்டில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. காதோரம், கன்னத்து எலும்பு, நோட்டைப் பிடித்த நாலு விரல், இவ்வளவுக்குத்தான் வெளிச்சம். அப்புறம் காற்றில் மிதந்த பஞ்சுத் தூசி. பல்பு அவருக்குப் பின்னால் இருந்ததால் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக மின்னியது. 1944இல் வந்த டபுள் இன்டெம்னிட்டி படத்தில், இருண்ட வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதப்பதைக் காட்ட, ஒளிப்பதிவாளர் ஜான் எஃப். சைட்ஸ் அலுமினியத் துகளைக் காற்றில் ஊதிவிட்டு எடுத்தார். நம்ம தறிக்குடோனில் அது தானாகவே கிடைக்கிறது! பின்னாலிருந்து வெளிச்சம் விழ வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. முன்னாலிருந்து அடித்தால் தூசியும் தெரியாது, மழையும் தெரியாது, டீக்கடை பாய்லர் ஆவியும் தெரியாது.

செட்டிங் கேட்பீர்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, லென்ஸ் திறப்பு எஃப்/4, ஷட்டர் வேகம் 1/50 விநாடி. மேனுவலில்தான் எடுக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த இருட்டைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் சாம்பல் நிறத்துக்குத் தூக்கிவிடும். ஒரு சின்னப் புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் வைத்து, வெளிச்சம் பட்ட கன்னத்துக்கு மட்டும் அளவெடுங்கள், மீதி கறுத்தால் கறுக்கட்டும். நாய்ஸ் வருமே என்று கவலைப்படாதீர்கள், இந்த வகைப் படத்தில் கொஞ்சம் புள்ளி இருந்தால் அழகுதான். எல்இடி பல்பு என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவு விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கும், வேறு வேகத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம்.

வீட்டிலேயே எடுக்க வேண்டுமானால் ஜன்னல் கம்பி இருக்கவே இருக்கிறது. அந்தப் படங்களில் ஜன்னல் மறைப்பின் பட்டை நிழல் முகத்தில் விழும் பாருங்கள், அதற்கு நம்ம வீட்டு இரும்புக் கிரில் தாராளமாகப் போதும், பழைய வீட்டு மரச்சட்டக் கம்பி ஜன்னல் இன்னும் நன்றாக வரும். நண்பரை வெளியே நிறுத்தி மொபைல் டார்ச்சை அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு எவ்வளவு சின்னதோ, ஜன்னலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு கூர்மையாக நிழல் விழும். ஆள் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தால் கோடு கத்தி மாதிரி இருக்கும், தள்ளிப் போகப் போகக் கரையும். தூரம் கூடினால் வெளிச்சம் குறையும் என்பதால் டார்ச் போதாமல் போனால் பைக் ஹெட்லைட்டைப் போடுங்கள். டியூப்லைட் மட்டும் வேண்டவே வேண்டாம், நீளமான விளக்கு நிழலை மழுக்கிவிடும்.

தெருவில் எடுப்பதாக இருந்தால் ஆனி, ஆடிச் சாரலுக்குக் காத்திருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றோடு தூறல் வந்து ரோடு நனைந்து கிடக்கும் ராத்திரி, கோயமுத்தூர்க்காரனுக்குக் கிடைத்த வரம். ஹாலிவுட்டில் லாரித் தண்ணீர் விட்டுத் தெருவை நனைத்து எடுப்பார்கள், நனைந்த தார் ரோடு ஒரே விளக்கை இரண்டாக்கிக் காட்டும் என்பதால். லங்கா கார்னர் ரயில் பாலத்தடி, டவுன்ஹால் பக்கத்துச் சந்துகள், கடை அடைத்தபின் வெரைட்டி ஹால் ரோடு, இதெல்லாம் எடுக்கத் தோதான இடங்கள். வெரைட்டி ஹால் ரோட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் அங்கே கட்டிய சினிமாக் கொட்டகையால்தான் என்பதை நினைத்துக்கொண்டு நின்றால் எனக்கு இன்னமும் ஒரு சிலிர்ப்பு வரும். பாலத்தடியில் வெள்ளம் தேங்கும் அளவு மழை என்றால் மட்டும் போகாதீர்கள். தண்டவாளப் பக்கமும் ரயில் நிலையத்துக்குள்ளும் டிரைபாடு விரிப்பதற்கு முன்னால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் வீடியோக்களில் சொல்லித்தராத ஒன்று, நம்ம தோல் நிறம். அவர்கள் சொல்லும் கணக்கெல்லாம் வெள்ளைத் தோலுக்கானது, அப்படியே எடுத்தால் நம்ம ஆட்கள் முகம் இருட்டோடு இருட்டாகப் போய்விடும். அதற்காக வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், பவுடரும் பூசாதீர்கள். கறுத்த தோலுக்கு இருக்கும் மினுமினுப்பே இதற்குப் பெரிய சொத்து. விளக்கைப் பக்கவாட்டிலிருந்து இன்னும் சற்றுப் பின்னால் தள்ளுங்கள், நெற்றியிலும் மூக்கோரத்திலும் வியர்வையோ எண்ணெயோ பளபளக்கும், அந்த ஒளிக் கோட்டிலேயே முகம் முழுசாகத் தெரிந்துவிடும். 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' என்ற படத்தைப் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, சிவாஜி முகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். பாட்டே இல்லாத படம், கொலையில் ஆரம்பிக்கும். இந்த வகைக்குத் தமிழில் நமக்கு இருக்கும் மூத்த பாடம் அது. கோவையில் சென்ட்ரல், பட்சிராஜா, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று கருப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோக்கள் நம்ம பக்கமே இருந்தன. இந்த வெளிச்சம் நமக்கு அந்நியமானது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எடுக்கும்போது ரா ஃபைலாக, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலாக எடுத்து, கேமராவில் பிக்சர் ஸ்டைலை மோனோக்ரோமில் வைத்துவிடுங்கள். திரையில் கருப்பு வெள்ளையாகத் தெரியும், ஃபைலில் கலர் அப்படியே இருக்கும். பிறகு மாற்றும்போது ஆரஞ்சைக் கொஞ்சம் ஏற்றினால் முகம் தெளியும், நீலத்தை இறக்கினால் வானம் கறுக்கும். மஞ்சள் சோடியம் விளக்கடியில் எடுத்த படத்தில் நீலம் இருக்காது என்பதால் அதைப் போட்டு இழுக்காதீர்கள், வெறும் நாய்ஸ்தான் மேலே வரும். நிழலில் முழுக் கறுப்பு ஓரிரண்டு இடத்தில் போதும், மற்ற இடத்தில் உற்றுப் பார்த்தால் ஏதோ இருக்கிறது என்று தெரியும் அளவுக்கு விட்டுவையுங்கள்.

ஆன்லைன் போட்டிக்கென்று தனியாகச் சிலது உண்டு. நடுவர் உங்கள் படத்தை முதலில் பார்ப்பது தபால்தலை அளவில், நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவே. அதனால் முடித்த படத்தை மொபைலில் சின்னதாக்கி, பிரைட்னஸைப் பாதியில் வைத்துப் பாருங்கள். அப்போதும் ஆள் எங்கே, வெளிச்சம் எங்கே என்று சட்டென்று பிடிபட வேண்டும். இணையத்துக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற முறையில் சேமியுங்கள். பனி, புகை இருக்கும் இடத்தில் ஜேபெக் வளையம் வளையமாகக் கோடு போடும், கொஞ்சம் கிரெயின் (ஃபிலிம் மாதிரிப் புள்ளி) சேர்த்தால் அது மறையும்.

விதிமுறையைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். ஜெயிக்காத படத்தையும் காலத்துக்கும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம் என்று எழுதி வைத்திருந்தால் அந்தப் போட்டியே வேண்டாம், அதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. ரா ஃபைல் கேட்பார்களா, ஏஐ கொண்டு எதையாவது சேர்த்தால் நீக்கிவிடுவார்களா என்றும் பாருங்கள். படத்தில் இருப்பவரிடம் எங்கே போகப்போகிறது என்று சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தறிக்குடோன் அண்ணனுக்கு நான் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் அதைச் செய்யத்தான் வேண்டும்.

தலைப்பு இரண்டு மூன்று வார்த்தை போதும், கதையை நீங்களே சொல்லிவிடாதீர்கள். கடைசித் தேதி எந்த ஊர் நேரம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரீன்விச் (ஜிஎம்டி) நேரப்படி ராத்திரி 11.59 என்று போட்டிருந்தால் நமக்கு மறுநாள் விடியற்காலை 5.29 வரைக்கும் இருக்கிறது.