தெரு யார் பெயரில்?

கேள்வி: பல்கலைக்கழக வளாகத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது நகரத் தெரு. அதை மூடி, நடப்பவர்களுக்கான திடலாக்கத் தரும்படி பல்கலைக்கழகம் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதானே? ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன வருத்தம்?

பதில்: வண்டியை நிறுத்தட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஒரு வகுப்பு விட்டு அடுத்த வகுப்புக்குக் கூட்டம் கூட்டமாகக் குறுக்கே ஓடும் இடத்தில் காருக்கு என்ன வேலை? ஆனால் தெரு யார் பெயருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நடுவே 116-ஆவது தெரு ஓடிக்கொண்டிருந்தது. 1953-இல் அதை மூடினார்கள். நகரம் அதைப் பல்கலைக்கழகத்துக்கே விற்றது, ஆயிரம் டாலருக்கு! (அச்சுப்பிழை இல்லை, ஆயிரம்தான்.) 'காலேஜ் வாக்' என்று பெயர் வைத்து அழகாகத்தான் வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தாரும் பிராட்வேயிலிருந்து ஆம்ஸ்டர்டாம் அவென்யூவுக்கு அதன் வழியாகவே நடந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் 2024 போராட்டங்களின்போது இரு முனையிலும் கதவைச் சாத்தி, அடையாள அட்டை இருந்தால்தான் வழி என்றார்கள். அட்டை இல்லாத பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு 114-ஆவது தெரு வரை இறங்கி, சுற்றி, மறுபடி ஏற வேண்டும். நகரத்தின் தெருவாகவே விட்டிருந்தால் அவரை யார் மறித்திருக்க முடியும்?

கலிஃபோர்னியாவின் பெர்க்லி கதை இதைவிடக் காரசாரம். டெலிகிராஃப் அவென்யூ முன்பு வளாகத்தின் சேதர் கேட் வரை வந்தது. உள்ளே அரசியல் பேசத் தடை, அதனால் மாணவர்கள் வாசலுக்கு வெளியே நகரத் தெருவில் நின்று பேசினார்கள். தெருவின் அந்தக் கடைசித் துண்டை வளாகம் விழுங்கி, அது ஸ்ப்ரௌல் பிளாசா என்ற திடலாயிற்று. பேச்சும் துண்டறிக்கை மேசைகளும் வளாக எல்லையிலுள்ள பான்கிராஃப்ட் தெரு முனைக்கு நகர்ந்தன. அங்கே 26 அடி அகல நடைபாதை நகரத்துடையது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1964 செப்டம்பரில் நிர்வாகம், 'அதுவும் எங்களுடையதுதான், மேசையைத் தூக்குங்கள்' என்றது. அக்டோபர் 1-இல், தடையை மீறி மேசை போட்டிருந்த ஜாக் வைன்பெர்க் என்ற இளைஞரைக் கைது செய்து போலீஸ் காரில் ஏற்ற, மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் நகரவில்லை.

காரை மட்டும் விரட்டவும் வழி உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நடுவே போகும் வாஷிங்டன் அவென்யூவில் 2014 முதல் ரயில், பஸ், சைக்கிள், பாதசாரி எல்லாம் போகின்றன. கார் கிடையாது.

எனவே பூச்சாடியும் பெஞ்சும் போட்ட வரைபடத்தைக் காட்டினால் மயங்க வேண்டாம். 'கேட் உண்டா? சாவி யாரிடம்?' என்று கேளுங்கள். 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால், கையெழுத்தையும் பிறகே போட்டுக்கொள்ளலாம்.