பெரிட்டின் 3,200 என்றால் ஈரல் கெட்டுவிட்டதா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். 17 வயது மகனுக்குத் தலசீமியா மேஜர் (உடம்பு போதிய இரத்தம் உண்டாக்காத பரம்பரை நோய்), மாதாமாதம் இரண்டு பை இரத்தம் ஏற்றுகிறார்கள். போனமுறை 2,100 இருந்த பெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) இப்போது 3,200, இடையில் டெங்கு வந்து தேறியிருக்கிறான், எஸ்ஜிபிடி (ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை) நோர்மலாம். "ஈரல் பழுதாகிவிட்டதா? முருங்கையிலையை நிறுத்தச் சொல்லிப் பக்கத்து வீட்டு அன்ரி சொல்கிறா, நிறுத்தினால் குறையுமா? டெஃபெராசிரொக்ஸ் (இரும்பை வெளியேற்றும் குளிசை) குடித்தால் வயிறு பிரட்டுகிறது என்று இடைக்கிடை விட்டுவிடுகிறான், அது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லவே முடியாத விஷயம் அந்தக் கடைசிக் கேள்விதான்.

ஒரு பை இரத்தத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, உங்கள் மகனுக்கு மாதம் 400. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். கூடுதலான இரும்பை வெளியே தள்ள உடம்பில் வழியே கிடையாது என்பதால், ஏற்றியதெல்லாம் முதலில் ஈரலில் போய்க் குந்தும், அப்புறம் இதயம், கணையம், சுரப்பிகள். ஆகவே முருங்கையிலை பாவம், அதை நிறுத்த வேண்டாம். ஈரல் கறியைக் குறைத்து, சாப்பாட்டோடு ஒரு பிளேன்டீ கொடுத்தால் போதும். (இரத்தம் அதிகம் ஏற்றாத, ஈ-பீட்டா என்ற இன்னொரு வகைத் தலசீமியாக்காரருக்குக் கதை வேறு. அவர்களுக்குக் குடலே இரும்பை அள்ளி எடுக்கும், பெரிட்டின் குறைவாகக் காட்டினாலும் ஈரலில் நிறைய இருக்கலாம்.)

இனி அந்த 3,200. காய்ச்சல், கிருமித்தொற்று எதுவானாலும் பெரிட்டின் ஏறும், டெங்குவில் கண்டபடி ஏறும். அதனால் இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வராமல், நன்றாகத் தேறியபின் திரும்பப் பாருங்கள். அதற்காக நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள், 2,100 என்பதே கூடத்தான், 1,000 அளவில் வைத்திருக்கத்தான் கிளினிக்கில் பாடுபடுவார்கள். எஸ்ஜிபிடி நோர்மல் என்பதும் ஆறுதல் இல்லை, ஈரல் சத்தமில்லாமல் தழும்பு கட்டக்கூடியது. உண்மை தெரிய, ஈரலில் உள்ள இரும்பை அளக்கிற எம்ஆர்ஐ வேண்டும். சாதாரண வயிற்று ஸ்கேனில் இந்தக் கணக்கு வராது, டாக்டரிடம் குறிப்பாகக் கேளுங்கள், இதயத்தையும் அதோடு பார்க்கலாம். ஈரலின் உலர் நிறையில் ஒரு கிராமுக்கு 7 மில்லிகிராம் இரும்புக்கு மேல் என்றால் மருந்தை இறுக்க வேண்டும், 15ஐத் தாண்டினால் ஆபத்து. தழும்பு ஆரம்பக் கட்டத்தில் இருந்தால், இரும்பு இறங்க இறங்க ஈரலும் தேறும் என்பது நல்ல செய்தி.

குளிசைக்கு வருவோம். கரைத்துக் குடிக்கிற வகை என்றால் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், தண்ணீரிலோ தோடம்பழச் சாற்றிலோ. பாலும் சோடாவும் சரிவராது. கிளாசின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் மருந்துதான், இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதையும் குடிக்க வேண்டும். நிறையப் பிள்ளைகள் அதைச் சிங்கில் கொட்டிவிடுவார்கள்! வயிறு பிரட்டினால் விழுங்குகிற வகைக்கு மாற்றலாமா, நேரத்தை இரவுக்குத் தள்ளலாமா என்று கேளுங்கள், விழுங்குகிற வகையை லேசான சாப்பாட்டோடும் எடுக்கலாம். வயிற்றெரிச்சலுக்கென்று அலுமினியம் கலந்த மருந்தை இதோடு கொடுக்க வேண்டாம். சிறுநீரகத்தையும் ஈரலையும் பார்க்க மாதாமாதம் இரத்தப் பரிசோதனை அவசியம். வாந்தி, வயிற்றோட்டம் கடுமையாக இருந்தாலோ, காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தாலோ மட்டும் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த கிளினிக்கில் மகனின் நிறையைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு நிறையை வைத்துத்தான் கணக்கிடுவது, 17 வயதுப் பையன் வளர்ந்திருப்பான். விட்ட நாட்களையும் ஒளிக்காமல் சொல்லட்டும். ஏச்சு விழும் என்று பயந்து ஒழுங்காகக் குடிக்கிறேன் என்றால், டாக்டர் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். பிறகு அவன் உண்மையிலேயே ஒழுங்காகக் குடிக்கத் தொடங்கினால் அடி வாங்கப்போவது சிறுநீரகம்.